விசேஷ நாளில் இத்தாலிய உணவகம்: முதன்முறை போகிறவர்களுக்கு

எங்கள் முதல் திருமண நாளன்று மனைவியை ஓர் இத்தாலிய உணவகத்துக்கு அழைத்துச் சென்றேன். உட்கார்ந்ததும் ரொட்டிக்கூடை வந்தது. பேச்சு சுவாரசியத்தில் அதைக் காலி செய்தோம். பிறகு மெனு அட்டையில் கண்ணில் பட்ட பெயர்களையெல்லாம் சொன்னோம். ஆளுக்கொரு பாஸ்தா, நடுவில் ஒரு பீட்சா, அதற்கும் பிறகு ஒரு பெரிய இறைச்சித் துண்டு. இறைச்சிக்கு எதிரே அச்சிட்டிருந்த விலை நூறு கிராமுக்கானது என்பது பில் வந்தபோதுதான் புரிந்தது. துண்டோ ஒரு கிலோவுக்கு மேல். அதில் பாதியை நாங்கள் தொடவே இல்லை. இனிப்பு சாப்பிட வயிற்றிலும் இடமில்லை, பையிலும் பணமில்லை. பரிமாறியவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை, கேட்டதைத்தான் கொண்டுவந்தார். மெனு அட்டையை நாங்கள் பட்டியலாகப் படித்தோம். அதை வரிசையாகப் படித்திருக்க வேண்டும்.

பிறந்த நாளோ, மண நாளோ, பெற்றோரின் 40ஆம் ஆண்டு நிறைவோ, எதற்காகப் போனாலும் அந்த மாலையின் பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதி, குறைவாகக் கேட்டு நிதானமாக உட்காருவதில் இருக்கிறது.

இடம் பார்ப்பது

இத்தாலியில் உணவகத்தின் பெயரே அதன் தோரணையை ஓரளவு சொல்லிவிடும். ரிஸ்தொராந்தே என்றால் விரிப்புப் போட்ட மேசை, நீண்ட ஒயின் பட்டியல் என்று சற்று விறைப்பான இடம். த்ராத்தொரியா பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்தும், வீட்டுச் சமையலை ஒட்டிய இடம். ஒஸ்தெரியா ஆதியில் ஒயின் விற்ற கடை. கூடவே கொஞ்சம் சாப்பாடும் கிடைக்கும். பீட்சேரியாவுக்கு விளக்கம் தேவையில்லை. இத்தாலிக்கு வெளியே இந்தப் பெயர்களை ஓசை அழகுக்காக வைத்துக்கொள்கிறவர்கள் அதிகம். ஆகவே பெயர்ப்பலகையை நம்பாமல் மெனுவை முன்கூட்டியே பாருங்கள். இணையத்தில் கிடைக்கவில்லை என்றால் தொலைபேசியில் கேட்டால் அனுப்பிவைப்பார்கள்.

மெனு சிறியதாக இருந்தால் நான் மகிழ்ச்சி அடைவேன். நூற்றைம்பது பெயர்களை அடுக்கி வைத்திருக்கும் சமையலறை, பாதியை உறைபெட்டியிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். பாஸ்தாவை அங்கேயே பிசைந்து வெட்டுகிறார்களா, பருவத்துக்கேற்ற காய்களைக் கொண்டு சில பெயர்களாவது மாறுகின்றனவா, எந்த வட்டாரச் சமையல் என்று சொல்கிறார்களா என்று பாருங்கள். இத்தாலியச் சமையல் என்று ஒன்றைப் பொதுவாகச் சொல்கிறோமே தவிர, மிலானில் வெண்ணெயும் அரிசியும், பொலோஞாவில் முட்டை சேர்த்த பாஸ்தாவும் இறைச்சிக் குழம்பும், தெற்கே ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் என்று ஊருக்கு ஊர் கை மாறுகிறது. தான் எந்த ஊர்க் கை என்று தெரிந்து வைத்திருக்கும் உணவகம் பெரும்பாலும் ஏமாற்றாது.

குழந்தைகளோடு பத்துப் பேராகப் போகிறீர்கள் என்றால் கூச்சப்படாமல் பீட்சேரியாவுக்கே போங்கள். மெழுகுவத்தி ஏற்றிய மேசையில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டரை மணி நேரம் உட்காரவைப்பது யாருக்கும் கொண்டாட்டமாக இருக்காது.

முன்பதிவு செய்யும்போது

செயலி வழியாக இடம் பிடித்தாலும், அதன் பிறகு ஒரு முறை தொலைபேசியில் பேசிவிடுவது என் வழக்கம். என்ன விசேஷம், எத்தனை பேர், அவர்களில் முதியவர் யார், யாருக்கு எது ஆகாது என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். மதிய நேரத்துக்கும் இரவு நேரத்துக்கும் இடைப்பட்ட பொழுதில் அழையுங்கள். கூட்ட நேரத்தில் அழைத்தால் எதிர்முனையில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றுவிட்டு எதையும் குறித்துக்கொள்ள மாட்டார்.

நீங்கள் கேட்க வேண்டியவையும் சில உண்டு. மேசை எவ்வளவு நேரத்துக்கு உங்களுடையது? பல இடங்களில் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அடுத்தவர் காத்திருப்பார். கேக்கை வெளியிலிருந்து கொண்டுவரலாமா, வெட்டித் தருவதற்குத் தனிக் கட்டணமா? அன்றைக்கு முழு மெனுவும் கிடைக்குமா? பிப்ரவரி 14 போன்ற நாட்களில் பல உணவகங்கள் நிர்ணயித்த மெனு ஒன்றை மட்டுமே, வழக்கத்தைவிடக் கூடுதல் விலைக்கு வைக்கும். சமையலறையும் திணறிக்கொண்டிருக்கும். அத்தகைய நாட்களில் முதல் நாளோ மறுநாளோ போவதே புத்திசாலித்தனம். அன்பு ஒரு நாளில் கெட்டுப்போகிற பண்டமல்ல.

உட்காரும் இடமும் முக்கியம். சமையலறைக் கதவு, கழிவறைக்குப் போகும் பாதை, ஒலிபெருக்கி ஆகிய மூன்றுக்கும் தள்ளி இடம் கேளுங்கள். என் பெற்றோரின் மண நாளுக்கு ஒன்பது மணிக்கு மேசை பிடித்தேன். இருட்டிய பிறகுதான் அழகு என்று எனக்கு ஒரு நினைப்பு. அப்பாவுக்கோ எட்டு மணிக்குச் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டும். அம்மாவுக்கு இரைச்சலில் யார் பேசுவதும் கேட்கவில்லை. முதியவர்களோடு போனால் கடை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். சமையற்காரர் களைக்கவில்லை, பரிமாறுபவருக்குப் பேச நேரம் இருக்கிறது, இருக்கைகள் காலியாக இருக்கின்றன.

திருமணம் செய்துகொள்ளக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மோதிரத்தை இனிப்புக்குள் மறைத்து வைக்கச் சொல்லாதீர்கள். பல்லுக்கும் தொண்டைக்கும் ஆகாது. சட்டைப்பையே போதும்.

மெனுவின் வரிசை

அட்டையில் முதலில் வருவது அந்திபாஸ்தி. பாஸ்தாவுக்கு முன் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். ‘பாஸ்தோ’ என்றால் சாப்பாடு, ஆக சாப்பாட்டுக்கு முன் வருவது என்றே பொருள். வாட்டிய ரொட்டியில் பூண்டு தேய்த்துத் தக்காளி வைத்த ப்ருஸ்கெத்தா, தக்காளியும் மொசரெல்லாவும் பேசில் இலையும் அடுக்கிய கப்ரேசே, பதப்படுத்திய இறைச்சிச் சீவல்கள் எல்லாம் இங்கே இருக்கும். இவை பசியைத் தூண்டுவதற்கு, அடக்குவதற்கல்ல.

அடுத்து ப்ரீமி, அதாவது முதலாவது. பாஸ்தா, அரிசியில் செய்யும் ரிசோத்தோ, உருளைக்கிழங்குச் சிற்றுருண்டைகளான ஞொக்கி, சூப் எல்லாம் இந்தத் தலைப்பின் கீழ் வரும். அதன் பின் செகோந்தி, இரண்டாவது: மீன் அல்லது இறைச்சி. இங்கேதான் புதியவர்கள் திகைக்கிறார்கள். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மீன் தட்டில் தன்னந்தனியாக, ஓர் எலுமிச்சைத் துண்டோடு வந்து நிற்கும். காய் எங்கே, கிழங்கு எங்கே? அவை கொந்தோர்னி என்ற தனித் தலைப்பில் இருக்கின்றன. தனியாகக் கேட்க வேண்டும், தனியாகக் காசும் உண்டு. கடைசியில் தோல்ச்சி, இனிப்புகள். பிறகு காப்பி.

இத்தனையையும் ஒருவர் சாப்பிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இத்தாலியர்களே சாதாரண நாளில் இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். இருவர் போனால் நான் சொல்லும் கணக்கு இது: ஓர் அந்திபாஸ்தோவைப் பகிர்ந்துகொள்ளுங்கள், ஆளுக்கொரு ப்ரீமோ, ஒரு செகோந்தோவும் ஒரு கொந்தோர்னோவும் நடுவில் வையுங்கள், ஓர் இனிப்பு, இரண்டு கரண்டி. அளவாகச் சாப்பிடுகிறவர்கள் என்றால் செகோந்தோவை விட்டுவிடலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆறு பேர் என்றால் மூன்று அந்திபாஸ்தி நடுவில், பிறகு அவரவர் விருப்பம். ஒருவருக்கு ஒரு பாஸ்தா என்பதை மட்டும் குறைக்க வேண்டாம். ஒரு தட்டு பாஸ்தாவை நான்கு பேர் பங்கு போட்டால் கடைசி ஆளுக்குப் போவதற்குள் அது ஆறி ஒட்டிக்கொண்டிருக்கும். பல வகையை ருசிக்க ஆசை என்றால் பாதி அளவு கிடைக்குமா என்று கேளுங்கள். சில இடங்களில் இரண்டு மூன்று பாஸ்தாக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே தட்டில் தருவார்கள்.

தட்டுகளுக்கு இடையில் நேரம் பிடிக்கும். அது தாமதம் என்று நினைத்துப் பரிமாறுபவரைத் துரத்த வேண்டாம். அந்த இடைவெளியில் பேசுவதற்காகத்தானே போயிருக்கிறீர்கள். அதே சமயம் எல்லாத் தட்டுகளும் ஒன்றாக வந்து மேசையில் குவிந்தால், வரிசையாகக் கொண்டுவரும்படி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று பொருள்.

வாயில் நுழையாத பெயர்கள்

தமிழ் படித்தவர்களுக்கு இத்தாலிய உச்சரிப்பில் ஒரு சலுகை உண்டு. பிறமொழிக்காரர்கள் பலர் தடுமாறும் அந்த மூக்கொலி நம்முடைய ஞகரமேதான். ஞொக்கி, லசாஞா, பொலோஞா என்று கூச்சமின்றிச் சொல்லலாம். அவர்களுடைய தகரமும் நம்முடைய தகரம்போல நாக்கு பல்லைத் தொடும் ஒலி; பாஸ்தா என்று நாம் எழுதுவது ஆங்கில வழி வந்த ‘பாஸ்டா’வைவிட மூலத்துக்கு நெருக்கம். ரோமன் எழுத்தில் ‘ஸி’யும் ‘ஹெச்’சும் சேர்ந்து வந்தால் அதைக் ககரமாகப் படியுங்கள், ப்ருஸ்கெத்தா என்பது அப்படி வந்ததுதான். அப்படியும் வராவிட்டால் அட்டையில் விரலை வைத்துக் காட்டுங்கள். எத்தனையோ தடவை நான் அதைத்தான் செய்திருக்கிறேன்.

பாஸ்தாவின் பெயர்கள் பெரும்பாலும் அதன் வடிவத்தைச் சொல்பவை. ஃபர்ஃபாலே என்றால் வண்ணத்துப்பூச்சிகள், ஒரெக்கியெத்தே என்றால் சின்னக் காதுகள், பென்னே என்றால் இறகுப் பேனாக்கள். வெர்மிச்செல்லி என்றால் சின்னப் புழுக்கள். இதைச் சாப்பாட்டு மேசையில் குழந்தைகளிடம் சொல்லாமல் இருப்பது நல்லது. வடிவம் வெறும் அலங்காரமும் அல்ல. அகலப் பட்டையான பப்பர்தெல்லே கனமான இறைச்சிக் குழம்பைத் தாங்கும். மெல்லிய லிங்குவீனே மட்டிக்கும் மீனுக்கும் பொருந்தும். வரிகள் ஓடிய குழாய் ரிகத்தோனி குழம்பை உள்ளேயும் வெளியேயும் பிடித்துக்கொள்ளும்.

ஏமாற்றும் சொற்கள் சிலவும் உண்டு. இத்தாலிய மொழியில் ‘பெபெரோனி’ என்றால் குடைமிளகாய். காரமான இறைச்சி வில்லைகளைப் பெப்பெரோனி என்பது அமெரிக்க வழக்கு. பால் காப்பியை நினைத்து ‘லாத்தே’ என்று மட்டும் கேட்டால் இத்தாலியில் பால்தான் வரும். கர்பாச்சோ என்பது காகிதம்போலச் சீவிய பச்சை மாட்டிறைச்சி. 1950இல் வெனிஸ் நகரின் ஹாரிஸ் பாரில் பிறந்த பண்டம் அது. அதன் சிவப்பு நிறத்தால் வித்தோரே கர்பாச்சோ என்ற பழைய ஓவியரின் பெயரைச் சூட்டினார்கள். இன்று மீனையோ பீட்ரூட்டையோ சீவி வைத்தாலும் அதே பெயரைச் சொல்கிறார்கள். பெயர் அழகாக இருக்கிறதே என்று கேட்டுவிட்டு, வேகவைத்துத் தரச் சொன்ன ஒருவரை அறிவேன். வேறு யார், நான்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது

உணவகத்தின் தரத்தைத் தெரிந்துகொள்ள விரும்பினால் எளிய பெயரைக் கேளுங்கள். ரோம் நகரத்துக் காச்சோ எ பெப்பே என்பது பாஸ்தா, பெக்கொரீனோ என்ற ஆட்டுப்பால் சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர் ஆகியவை மட்டுமே. ஒளிந்துகொள்ள இடமில்லாத சமையல். கொஞ்சம் சூடு கூடினாலும் சீஸ் திரிந்து கட்டியாகிவிடும். கார்பொனாராவும் அந்த ஊர்தான்: முட்டை, சீஸ், மிளகு, பன்றியின் கன்னத்துக் கொழுப்பைப் பதப்படுத்திய குவன்ச்சாலே. அதில் க்ரீம் கிடையாது. முட்டையும் சீஸும் பாஸ்தாவின் சூட்டிலேயே குழம்பாக வேண்டும். க்ரீம் ஊற்றிய கார்பொனாரா சாப்பிட முடியாதது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரோம் நகரத்தவர் யாராவது பக்கத்து மேசையில் இருந்தால் குரலைத் தாழ்த்திக் கேளுங்கள்.

‘ஸ்பகெத்தி பொலோனீஸ்’ உலகெங்கும் கிடைக்கும்; பொலோஞாவில் அந்த இறைச்சிக் குழம்பை, ரகூவை, தல்யாதெல்லே என்ற முட்டைப் பட்டைகளோடுதான் தருவார்கள். இதில் அவர்கள் விளையாட்டுக்கு இடமளிப்பதில்லை. வெந்த தல்யாதெல்லேயின் அகலம் 8 மில்லிமீட்டர் என்று 1972இல் நகரத்து வணிக சபையில் பதிவு செய்தார்கள். 1982இல் ரகூவின் செய்முறையையும் பதிந்துவைத்தார்கள்.

ரிசோத்தோ கேட்டால் பொறுமை வேண்டும். அரிசியில் கொதிக்கும் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறி முடிக்கப் பதினெட்டு, இருபது நிமிடங்கள் ஆகும். அதனால்தான் சில மெனுக்களில் ‘குறைந்தது இருவருக்கு’ என்று போட்டிருக்கும். மிலான் நகரத்து ரிசோத்தோ குங்குமப்பூவால் மஞ்சளாக இருக்கும். தட்டைத் தட்டினால் மெல்லப் பரவ வேண்டும். குவியலாக நின்றால் அது ஆறிப்போனது அல்லது முன்பே செய்து வைத்தது. அரிசியும் பாஸ்தாவும் பல்லில் சற்றுத் தட்டுப்படும் பதத்தில் இருக்கும். அல் தெந்தே என்பார்கள். அது வேகாதது அல்ல. முதியவர்களுக்குக் கடினமாக இருக்கும் என்றால் இன்னும் கொஞ்சம் வேகவைக்கும்படி சொல்லலாம். அல்லது லசாஞா, ஞொக்கி போன்ற மென்மையானவற்றைச் சொல்லலாம்.

ஃபிளாரன்ஸ் முறை பிஸ்தேக்காதான் என்னைப் பில்லில் கவிழ்த்தது. எலும்போடு கூடிய கனத்த மாட்டிறைச்சித் துண்டு. வெளியே கருகி உள்ளே சிவந்திருக்கும். முழுக்க வேகவைத்துக் கேட்பவர்களுக்கு அது ஏற்றதல்ல. இதையும் முழு மீனையும் பெரும்பாலும் எடைக் கணக்கில் விற்பார்கள். ‘எத்தோ’ என்று போட்டிருந்தால் 100 கிராம். சமைப்பதற்கு முன் துண்டைக் காட்டி எடையைச் சொல்லும்படி கேளுங்கள். நல்ல உணவகம் கேட்காமலே காட்டும்.

சைவம், ஒவ்வாமை, விலக்குகள்

இந்தப் பகுதியை வேகமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். அட்டையில் பச்சை இலை போட்டிருப்பதால் மட்டும் எல்லாம் சைவமாகிவிடாது.

முதலில் சீஸ். பார்மிஜானோ ரெஜானோவும் க்ரானா பதானோவும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட் கொண்டு உறையவைக்கப்படுபவை. பெக்கொரீனோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரெனட். கண்டிப்பான சைவர்களுக்கு இவை ஆகா. பாஸ்தாவின்மேல் தூவுவதைத் தவிர்த்தாலும் பெஸ்தோ சட்டினியிலும் ரிசோத்தோவிலும் இவை கலந்தே இருக்கும். தாவர அல்லது நுண்ணுயிர் ரெனட்டில் செய்த சீஸ் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். மேசையில் உட்கார்ந்து கேட்டால் உள்ளே போய்ப் பொட்டலத்தைத் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது சாறு. அம்மா சுத்த சைவம். காய்கறி சூப்பைக் காட்டி, இதில் இறைச்சி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். துண்டு இல்லை என்பது உண்மைதான். ஆனால் கொதித்தது மாட்டெலும்புச் சாற்றில். பக்கத்து மேசைக்காரர் அதைப் புகழ்ந்தபோதுதான் தெரியவந்தது. அன்றிலிருந்து என் கேள்வி மாறிவிட்டது: எந்தச் சாற்றில் சமைக்கிறீர்கள்? சூப்புக்கும் ரிசோத்தோவுக்கும் இந்தக் கேள்வி கட்டாயம். மினெஸ்த்ரோனே சூப்பில் பன்றிக் கொழுப்பு வதக்கிச் சேர்ப்பதும் உண்டு. புத்தனெஸ்கா குழம்பில் நெத்திலி கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பன்னா கோத்தா என்ற இனிப்பில் ஜெலட்டின் இருக்கும்.

முட்டை சாப்பிடாதவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும்: உலர்ந்த பாஸ்தா பொதுவாகக் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டுமே, உணவகத்தில் புதிதாகப் பிசைந்தது என்றால் முட்டை இருக்க வாய்ப்பு அதிகம். பால்பொருளும் வேண்டாதவர்களுக்குப் பூண்டும் எண்ணெயும் மிளகாயும் சேர்ந்த ஸ்பகெத்தி, தக்காளிப் பாஸ்தா, சீஸ் இல்லாத மரினாரா பீட்சா. மரினாரா என்ற பெயரில் கடல் வாசனை அடித்தாலும் நேப்பிள்ஸ் முறையில் அது தக்காளி, பூண்டு, ஒரெகானோ, எண்ணெய் மட்டும்தான். ஆனால் வேறு சில இடங்களில் கடலுணவுக் குழம்புக்கும் அந்தப் பெயரை வைக்கிறார்கள். கேட்டுவிடுங்கள்.

பன்றி இறைச்சி தவிர்ப்பவர்கள் ப்ரொஷூத்தோ, பஞ்செத்தா, குவன்ச்சாலே, ஸ்பெக், சல்சீச்சா ஆகிய சொற்களையாவது நினைவில் வைத்திருப்பது நல்லது. மது தவிர்ப்பவர்கள் ரிசோத்தோவிலும் இறைச்சிக் குழம்பிலும் ஒயின் ஊற்றுவார்கள் என்பதை மறக்க வேண்டாம். திராமிசு என்ற இனிப்பில் மது இருக்கலாம். பச்சை முட்டையும் பெரும்பாலும் இருக்கும், ஆகவே கர்ப்பிணிகள் கேட்டுச் சாப்பிடுவது நல்லது. கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு பெஸ்தோவில் பைன் கொட்டை, மொர்ததெல்லா என்ற பன்றி இறைச்சி வகையிலும் இனிப்புகளிலும் பிஸ்தா. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை என்றால் பரிமாறுபவரோடு நிறுத்தாமல் சமையலறையிலிருந்தே பதில் வாங்குங்கள்.

குடிக்க

உட்கார்ந்ததும் தண்ணீர் எது என்று கேட்பார்கள்: சாதாரணமா, குமிழியிட்டதா. பாட்டில் என்றால் பில்லில் ஏறும். மது அருந்துபவர்களுக்கு ஒயின் பட்டியல் பயமுறுத்தினால், வீட்டு ஒயின் கால் லிட்டரோ அரை லிட்டரோ குடுவையில் கிடைக்குமா என்று கேட்பதே எளிது. பாட்டில் வாங்கினால் முதலில் ஒரு சொட்டு ஊற்றிக் காத்திருப்பார்கள். பிடித்திருக்கிறதா என்று அவர்கள் கேட்கவில்லை. கெட்டுப்போயிருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். ஈர அட்டை வாடை அடிக்கவில்லை என்றால் தலையசைத்துவிடுங்கள். சடங்கு முடிந்தது.

குடிக்காதவர்கள் கோப்பை உயர்த்தும் நேரத்தில் வெறுங்கையோடு இருக்க வேண்டியதில்லை. கசப்பு ஆரஞ்சு வகையில் செய்யும் கினோத்தோ சோடா, ஆரஞ்சு சோடா, மதுவில்லாத கசப்புப் பானங்கள் எல்லாம் பெரும்பாலான இத்தாலிய உணவகங்களில் இருக்கும்.

தட்டு வந்த பிறகு

ஸ்பகெத்தியை வெட்டாதீர்கள். நாலைந்து இழைகள் மட்டும் சிக்கும்படி தட்டின் ஓரத்தில் முள்கரண்டியைச் செங்குத்தாக ஊன்றிச் சுழற்றுங்கள். அதிகமாக எடுப்பதால்தான் உருண்டை வாய் கொள்ளாமல் போகிறது. கரண்டியை அண்டக்கொடுத்துச் சுழற்றினாலும் தலை போய்விடாது. குழம்பு தெறிக்கும் என்பதால் வெள்ளைச் சட்டையோடு தக்காளிக்கு முன் உட்காருவது அவரவர் துணிச்சல்.

மீன் பாஸ்தாவுக்கு சீஸ் கேட்டால் சில பரிமாறுபவர்கள் தயங்குவார்கள். மீனின் மென்மையான ருசியை சீஸ் அடித்துவிடும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சரியென்றே படுகிறது, ஆனாலும் தட்டு உங்களுடையது.

ரொட்டியை வைத்தே எங்கள் முதல் மாலை கெட்டது என்று சொன்னேன். அதைத் தட்டோடு சேர்த்துச் சாப்பிடத்தான் வைக்கிறார்கள். பாஸ்தா தீர்ந்ததும் எஞ்சிய குழம்பை ரொட்டித் துண்டால் துடைத்துச் சாப்பிடுவதற்கு இத்தாலியர் வைத்திருக்கும் பெயர் ஸ்கர்பெத்தா, சின்னச் செருப்பு. மிக விறைப்பான விருந்தில் செய்ய மாட்டார்கள். மற்ற இடங்களில் சமையற்காரருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. ஆகவே கூடையில் இரண்டு துண்டுகளையாவது மிச்சம் வையுங்கள்.

பீட்சா நேப்பிள்ஸ் முறையில் வெட்டப்படாமல் வரும். நடுப்பகுதி ஈரமாகத்தான் இருக்கும். கத்தியும் முள்கரண்டியும் கொண்டு தொடங்கி, ஓரம் வந்ததும் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

இனிப்பு, காப்பி, பில்

இனிப்பை முதலிலேயே சொல்ல வேண்டாம். அதற்குத் தனி அட்டை வரும். வயிற்றைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பிறந்த நாள் கேக்கை வெளியிலிருந்து கொண்டுவந்திருந்தால் உணவகத்தின் இனிப்பை விட்டுவிடலாம். இல்லையென்றால் திராமிசுவில் ஒரு மெழுகுவத்தியைச் செருகித் தருவார்கள். ‘என்னைத் தூக்கிவிடு’ என்பது அதன் பெயருக்குப் பொருள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து களைத்தவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான்.

இத்தாலியர்கள் காலை உணவோடு நிறுத்திக்கொள்ளும் கப்புச்சீனோவை இரவில் கேட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் பால் கனம். இனிப்பு முடிந்த பிறகு, தனியாக, ஒரு வாய் எஸ்பிரெசோ. எலுமிச்சையில் செய்த லிமொன்செல்லோவை உபசாரமாகச் சின்னக் கோப்பையில் கொண்டுவந்து வைப்பதும் உண்டு. இனிப்பாக இருந்தாலும் அது நல்ல வலுவுள்ள மது. வண்டி ஓட்டுபவருக்கு வேண்டாம்.

பில் தானாக வராது. கேட்காமல் கொண்டுவந்தால் எழுந்து போங்கள் என்று சொன்னதுபோல ஆகிவிடும் என்பது இத்தாலியப் பழக்கம். அந்த முறையில் நடக்கும் உணவகங்களில் கண்ணைக் காட்டிக் கேட்க வேண்டும். நீங்கள்தான் விருந்து கொடுக்கிறீர்கள் என்றால் இனிப்பு வரும்போதே எழுந்து போய்க் கணக்கை முடித்துவிடுங்கள். மேசையில் பில்லைப் பிடித்து இழுக்கும் மல்யுத்தம் மிச்சம். ‘கொப்பெர்த்தோ’ என்று ஒரு வரி இருந்தால் அது ரொட்டிக்கும் மேசைக்கும் ஆள் கணக்கில் வாங்கும் கட்டணம், இத்தாலியில் சாதாரணம். ‘செர்வீட்சியோ’ என்றிருந்தால் பரிமாறும் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது; அதற்கும் மேல் டிப்ஸ் வைப்பது உங்கள் விருப்பம். எடைக் கணக்கில் வாங்கியதை மட்டும் ஒரு தடவை சரிபாருங்கள்.

மிஞ்சியதைக் கட்டித் தரச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். லசாஞா மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். கார்பொனாராவைச் சூடாக்கினால் முட்டைப் பொரியலாகிவிடும்; அதை அங்கேயே முடித்துவிடுங்கள். பீட்சாவைக் காய்ந்த வாணலியில் மூடி போட்டு, அடி மொறுமொறுவென்று ஆகும்வரை மிதமான தீயில் வைத்தால் போதும்.